மேலே மூன்று, கீழே நான்கு: டிரான்ஸ்ஃபார்மருக்குள் ஸ்டாரும் டெல்டாவும்

தெருமுனையில் இரட்டைக் கம்பத்தின் மேல் நிற்கும் டிரான்ஸ்ஃபார்மரைத் தூரத்தில் நின்றபடி ஒருமுறை எண்ணிப் பாருங்கள். 11 கேவி லைன் வந்து இறங்கும் பக்கத்தில் உயரமான பீங்கான் புஷ்ஷிங்குகள் (கம்பி டேங்குக்குள் நுழையும் பீங்கான் குழல்கள்) மூன்று இருக்கும். வீடுகளுக்குக் கம்பி கிளம்பும் பக்கத்தில் குட்டையானவை நான்கு. நுழைவது மூன்று, வெளியேறுவது நான்கு. அந்த நான்காவது எங்கிருந்து முளைத்தது என்று புரிந்துவிட்டால் ஸ்டார், டெல்டா விஷயத்தில் முக்கால்வாசி புரிந்த மாதிரி.

டேங்குக்குள் ஆயிலில் மூழ்கியிருக்கும் இரும்புக் கோருக்கு மூன்று கால்கள். ஒவ்வொரு காலிலும் இரண்டு சுருள்கள்: உள்ளே பருமனான கம்பியில் எல்டி (குறைந்த அழுத்த) சுருள், அதைச் சுற்றி மெல்லிய கம்பியில் எச்டி (உயர் அழுத்த) சுருள். ஆக மொத்தம் ஆறு சுருள்கள், பன்னிரண்டு முனைகள். எச்டி பக்கத்து ஆறு முனைகளிலிருந்து மூன்று வெளியே வருகின்றன. எல்டி பக்கத்து ஆறிலிருந்து நான்கு வருகின்றன. மீதி உள்ளேயே ஒன்றோடொன்று இணைந்துவிடுகின்றன. அந்த உள்ளிணைப்பு எப்படி என்பதைத்தான் ஸ்டார், டெல்டா என்கிறோம்.

மூன்று பேஸுக்கும் மூன்று காலே போதுமா, காந்தப்புலம் திரும்பிப் போக நான்காவது கால் வேண்டாமா என்று கேட்கலாம். மூன்று பேஸும் 120 டிகிரி தள்ளித் தள்ளி ஏறி இறங்குவதால் எந்தக் கணத்திலும் மூன்றின் கூட்டுத்தொகை பூஜ்யம். ஒரு காலில் மேலே போவது மற்ற இரண்டில் இறங்கிவிடுகிறது. இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் மிகைல் டோலிவோ-டோப்ரவோல்ஸ்கி. 1891 இல் லாஃபனிலிருந்து பிராங்பர்ட் வரை 175 கிலோமீட்டருக்கு மூன்று பேஸ் மின்சாரம் போனதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

தலையும் வாலும்

ஒவ்வொரு சுருளுக்கும் ஒரு தொடக்க முனை, ஒரு முடிவு முனை. தலை, வால் என்று வைத்துக்கொள்வோம். மூன்று சுருளும் ஒரே திசையில் சுற்றப்பட்டிருக்க வேண்டும், தலை எது வால் எது என்பது சந்தேகமில்லாமல் தெரிந்திருக்க வேண்டும். இந்த ஒன்றில் கோட்டை விட்டால் மீதி எல்லாம் தப்பாகிவிடும்.

மூன்று வால்களையும் ஒரே இடத்தில் முடிச்சுப் போட்டு, மூன்று தலைகளை வெளியே எடுத்தால் அது ஸ்டார். அந்த முடிச்சையும் ஒரு கம்பி வைத்து வெளியே கொண்டுவந்தால் அதுதான் நியூட்ரல், நான்காவது புஷ்ஷிங்.

ஒன்றின் வாலை அடுத்ததன் தலையோடு, அதன் வாலை மூன்றாவதன் தலையோடு, மூன்றாவதன் வாலை முதலாவதன் தலையோடு சேர்த்தால் சங்கிலி மாதிரி ஒரு வட்டம் மூடிக்கொள்ளும். அது டெல்டா. மூன்று மூலைகளிலிருந்து மூன்று கம்பிகள் வரும். பொதுமுனை என்று ஒன்று இல்லாததால் நியூட்ரலும் இல்லை.

நம் ஊர் 11 கேவி / 433 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரில் எச்டி பக்கம் டெல்டா, எல்டி பக்கம் ஸ்டார். அதனால்தான் மேலே மூன்று, கீழே நான்கு.

1.732 எங்கிருந்து வருகிறது

ஸ்டாரில் ஒவ்வொரு எல்டி சுருளும் 250 வோல்ட் தருகிறது. இரண்டு பேஸுக்கு இடையே அளந்தால் 500 வராது. இரண்டும் 120 டிகிரி தள்ளியிருப்பதால் வித்தியாசம் 250 × 1.732 = 433 வோல்ட். 1.732 என்பது மூன்றின் வர்க்கமூலம். ஸ்டாரில் லைன் வோல்டேஜ் சுருளின் வோல்டேஜைப்போல் 1.732 மடங்கு. கரண்ட் மட்டும் அப்படியே, ஏனெனில் சுருளில் ஓடுவதுதான் லைனிலும் ஓடுகிறது. (நேம் பிளேட்டில் 433 என்று போட்டிருப்பது லோடு இல்லாதபோது உள்ள அளவு. லோடு ஏறி, வயரில் கொஞ்சம் இழந்து வீட்டுக்கு வரும்போது 415, 400 என்று இறங்கிவிடும்.)

டெல்டாவில் கதை தலைகீழ். ஒவ்வொரு சுருளும் நேராக இரண்டு லைனுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறது. எனவே முழு 11,000 வோல்ட்டும் அதன் மேல். ஆனால் ஒவ்வொரு மூலையிலும் இரண்டு சுருள்கள் சேர்வதால் லைன் கரண்ட் இரண்டாகப் பிரிகிறது. லைனில் உள்ளதை 1.732 ஆல் வகுத்தால் சுருளின் கரண்ட்.

100 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மரை எடுத்துப் போட்டுப் பார்ப்போம். எச்டி லைன் கரண்ட் 1,00,000 ÷ (1.732 × 11,000) = 5.25 ஆம்பியர். டெல்டா சுருளுக்குள் 5.25 ÷ 1.732 = 3.03 ஆம்பியர். எல்டி பக்கம் 1,00,000 ÷ (1.732 × 433) = 133 ஆம்பியர். சுருளுக்குச் சுருள் விகிதம் 11,000 ÷ 250 = 44. அப்படியானால் 133 ஐ 44 ஆல் வகுத்தால் எச்டி சுருளின் கரண்ட் வர வேண்டும். வகுத்துப் பாருங்கள், 3.03 வரும்.

ஆரம்பத்தில் பலரும் இங்கேதான் சறுக்குகிறார்கள். 11,000 ஐ 433 ஆல் வகுத்து 25.4 தான் சுற்றுகளின் விகிதம் என்று எழுதிவிடுவார்கள். லைன் வோல்டேஜை லைன் வோல்டேஜால் வகுத்தால் சுற்று விகிதம் கிடைப்பது, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இணைப்பாக இருந்தால் மட்டும்தான். டெல்டா-ஸ்டாரில் சுருளுக்குச் சுருள் கணக்குப் பார்க்க வேண்டும். எல்டி சுருளில் 60 சுற்று என்றால் எச்டியில் 2,640 சுற்று. 25.4 என்று நம்பி 1,524 சுற்று சுற்றிய ரீவைண்டிங், எல்டியில் 433 க்குப் பதில் 750 வோல்ட் தரப் பார்க்கும். அதற்கு முன்பே கோர் சாச்சுரேட் ஆகி (இதற்குமேல் காந்தம் ஏற்க முடியாமல் நிரம்பி), லோடே இல்லாமல் கரண்ட் எகிறி, முதல் சார்ஜிங்கிலேயே ஃபியூஸ் போய்விடும்.

பம்புசெட் மோட்டாரின் ஸ்டார்-டெல்டா ஸ்டார்டரிலும் இதே 1.732 தான் வேலை செய்கிறது. ஒரே சுருள்களை முதலில் ஸ்டாரிலும் பிறகு டெல்டாவிலும் போடுவதால், கிளம்பும்போது லைனில் இழுக்கும் கரண்ட் மூன்றில் ஒரு பங்காகிறது. ஆனால் மோட்டாரில் இணைப்பு ஓடும்போதே மாறும். டிரான்ஸ்ஃபார்மரில் ஒருமுறை போட்டால் போட்டதுதான்.

ஏன் மேலே டெல்டா, கீழே ஸ்டார்?

கீழே ஸ்டார் ஏன் என்பதற்குப் பெரிய விளக்கம் வேண்டாம். வீட்டுக்கு வேண்டியது ஒரு பேஸும் ஒரு நியூட்ரலும். தெருவின் அரிசி மில்லுக்கு வேண்டியது மூன்று பேஸ். ஒரே டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து இரண்டையும் தர ஸ்டார்தான் வழி. அந்த நியூட்ரலை இரண்டு தனித்தனி எர்த் குழிகளுக்கு இறக்கினால், பேஸ் கம்பி எங்காவது மண்ணைத் தொடும்போது கரண்ட் திரும்பி வர வழியிருக்கும், ஃபியூஸோ பிரேக்கரோ போகும்.

மேலே ஏன் டெல்டா என்பதுதான் சுவாரசியம். அங்கேயும் ஸ்டாரைப் போட்டால் சுருளுக்கு 6,350 வோல்ட் போதும், சுற்றுகளும் குறையுமே?

முதல் காரணம், சமமில்லாத லோடு. தெருவில் எந்த நேரமும் மூன்று பேஸிலும் சம லோடு இருப்பதில்லை. மோசமான நிலையாக, ஒரே பேஸில் 88 ஆம்பியர், மற்ற இரண்டும் காலி என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காலின் எச்டி சுருள் 88 ÷ 44 = 2 ஆம்பியர் எடுக்க வேண்டும். அது டெல்டாவில் இரண்டு லைனுக்கு நடுவே இருப்பதால் ஒரு லைனிலிருந்து 2 ஆம்பியரை வாங்கி மற்ற லைனில் விட்டுவிடும். மூன்றாவது லைனில் ஒன்றுமில்லை. பக்கத்துச் சுருள்களுக்கும் தொந்தரவில்லை.

இதையே எச்டியில் நியூட்ரல் இல்லாத ஸ்டாராகப் போட்டிருந்தால் அந்த 2 ஆம்பியர் முடிச்சைத் தாண்டி மற்ற இரண்டு சுருள்கள் வழியாகத்தான் திரும்பியாக வேண்டும். ஆனால் அந்தக் கால்களின் எல்டி பக்கம் காலி. அங்கே ஓடும் கரண்ட் வெறும் காந்தமாக்கும் கரண்ட்டாகி, வோல்டேஜைத் தூக்கிவிடும். லோடு உள்ள பேஸ் தொங்கும், லோடு இல்லாத பேஸ்கள் ஏறும். முடிச்சே இடம் நகர்ந்துவிட்டது என்பார்கள். மூன்று கால் கோரில் இது ஓரளவு அடங்கும். தனித்தனியான மூன்று ஒற்றை பேஸ் டிரான்ஸ்ஃபார்மர்களைச் சேர்த்துப் போட்ட தொகுப்பில் தலைவிரித்தாடும்.

இரண்டாவது காரணம் மூன்றாம் ஹார்மோனிக். கோரில் காந்தப்புலம் வளைவு பிசகாமல் ஏறி இறங்க வேண்டுமானால், அதை உண்டாக்கும் கரண்ட் கொஞ்சம் கூர்மையாக இருந்தாக வேண்டும். இரும்பின் குணம் அப்படி. அந்தக் கூர்மைக்குள், சப்ளையின் 50 ஹெர்ட்ஸைப்போல் மூன்று மடங்கான 150 ஹெர்ட்ஸ் பங்கு ஒன்று இருக்கிறது. பேஸ்கள் 120 டிகிரி தள்ளியிருந்தாலும், மூன்று மடங்கு அதிர்வெண்ணில் அந்த 120 ஆனது 360 ஆகிவிடுகிறது. அதாவது மூன்று சுருளிலும் ஒரே நேரத்தில் ஒரே திசையில் ஓடப் பார்க்கிறது. நியூட்ரல் இல்லாத ஸ்டாரில் மூன்றும் ஒரே நேரத்தில் முடிச்சுக்குள் வந்தால் வெளியேற வாசலே இல்லை. கரண்ட் ஓட முடியாததால் வோல்டேஜின் வடிவம் கெடுகிறது. டெல்டாவிலோ அது ஒரு மூடிய வட்டம். 150 ஹெர்ட்ஸ் உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும், லைனுக்கு வராது.

இதற்கு விலையும் உண்டு. கம்ப்யூட்டர், எல்இடி டிரைவர் எல்லாம் நிறைந்த கட்டடத்தில் மூன்றாம் ஹார்மோனிக் நியூட்ரலில் ஒன்று சேர்ந்து, எச்டி டெல்டாவுக்குள் சுற்றிச் சுற்றிச் சூடாக்கும். எச்டி லைனில் ஆம்பியர் மீட்டர் போட்டால் அது தெரியாது. ‘லோடு கம்மிதான், ஆனால் ஆயில் சூடாகிறது’ என்ற புகாரின் பின்னால் சில சமயம் இதுதான் இருக்கும்.

பெரிய இடத்தில் கணக்கு மாறும். மேட்டூரிலும் தூத்துக்குடியிலும் உள்ள 210 மெகாவாட் ஜெனரேட்டர்கள் 15.75 கேவியில் மின்சாரம் தருகின்றன. 0.85 பவர் ஃபேக்டரில் லைன் கரண்ட் சுமார் 9,000 ஆம்பியர். அந்தப் பக்கம் டெல்டா போட்டால் சுருளுக்குள் 5,200 தான், கம்பி மெலியும். 230 கேவி பக்கம் ஸ்டார் போட்டால் சுருளுக்கு 133 கேவி தான், இன்சுலேஷன் மெலியும். முடிச்சை எர்த் செய்துவிட்டால் அந்த முனைக்குக் குறைந்த இன்சுலேஷனே போதும். தெருவில் டெல்டா-ஸ்டார் என்றால் பவர் ஹவுஸில் அதைப் புரட்டிப்போட்ட இணைப்பு.

ஸ்டார்-ஸ்டார் இல்லாமலில்லை. பெரிய சப்-ஸ்டேஷன்களில் இரண்டு பக்கமும் நியூட்ரலை எர்த் செய்து போடுவார்கள். அப்போதும் பல இடங்களில் டெல்டாவாக மூடிய மூன்றாவது சுருள் ஒன்றை உள்ளே வைத்துவிடுவது வழக்கம். டெல்டா-டெல்டா தொழிற்சாலை லோடுக்கு. அதில் ஒற்றை பேஸ் டிரான்ஸ்ஃபார்மர்கள் மூன்றாக இருந்தால், ஒன்று பழுதானாலும் அதைக் கழற்றிவிட்டு இரண்டை வைத்தே மூன்று பேஸ் ஓட்டலாம். திறன் மூன்றில் இரண்டு பங்காக இருக்கும் என்று நினைப்பீர்கள். கிடைப்பது 57.7 சதவீதம்தான்.

பதினொன்று என்ற எண்

நேம் பிளேட்டில் ‘டி-ஒய்-என்-11’ (Dyn11) என்று ஒரு குறி இருக்கும். பெரிய எழுத்தில் உள்ள டி, எச்டி பக்கம் டெல்டா என்கிறது. சின்ன எழுத்தில் உள்ள ஒய், எல்டி பக்கம் ஸ்டார். என், நியூட்ரல் வெளியே வந்திருக்கிறது. 11 என்பது கடிகார மணி.

எச்டி பேஸை 12 இல் நிற்கும் பெரிய முள்ளாக வையுங்கள். அதே பெயருள்ள எல்டி பேஸ்தான் சின்ன முள். ஒரு மணி என்பது 30 டிகிரி. சின்ன முள் 11 இல் இருந்தால் எல்டி 30 டிகிரி முன்னால் ஓடுகிறது. பன்னிரண்டுக்கு முந்தியதுதானே பதினொன்று, அதனால் பின்தங்கியிருக்கிறது என்று எண்ணிவிட வேண்டாம். பேசர்கள் (பேஸ்களைக் குறிக்கும் இந்த முள்கள்) கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுழல்வதாக வைப்பது மரபு. அந்தச் சுழற்சியில் 11 இல் நிற்கும் முள் முன்னால் போகும், 12 இல் நிற்பது பின்னால்.

இந்த 30 டிகிரி வருவது டெல்டாவின் வளையத்தை எந்தப் பக்கமாகப் பின்னினார்கள் என்பதிலிருந்து. மூன்று பேஸுக்கும் யு, வி, டபிள்யூ என்று பெயர். யு சுருளின் வால் வி சுருளின் தலைக்குப் போனால் (அடுத்து வி வால் டபிள்யூ தலைக்கு, டபிள்யூ வால் யு தலைக்கு) யு காலில் இருப்பது யு-வி லைன் வோல்டேஜ். அது யு பேஸைவிட 30 டிகிரி முன்னால். அதே காலில் இருக்கும் எல்டி சுருளும் அதோடு சேர்ந்து ஓடும், 11 வரும். வளையத்தை எதிர்ப்பக்கமாகப் பின்னி யு வாலை டபிள்யூ தலையில் போட்டால் 1 வரும். சுருள் அதே, கோர் அதே. உள்ளே மூன்று ஜம்பர் (இணைப்புக் கம்பி) தான் மாறியிருக்கும். மூடி போட்ட பிறகு வெளியே ஒரு வித்தியாசமும் தெரியாது.

மேசையில் கட்டிப் பார்க்க

பாலிடெக்னிக் லேபில் உள்ளதுபோல் 230/115 வோல்ட், 1 கேவிஏ ஒற்றை பேஸ் டிரான்ஸ்ஃபார்மர் மூன்று, ஒரு மல்டிமீட்டர், மூன்று பேஸ் எம்சிபி இருந்தால் இதைக் கையால் கட்டிப் பார்க்கலாம். ஒவ்வொரு இணைப்பு மாற்றத்துக்கும் முன் எம்சிபியை இறக்கி, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும்.

முதலில் தலை, வால் கண்டுபிடிப்பு. ஒரு டிரான்ஸ்ஃபார்மரை எடுத்து 230 சுருளின் ஒரு முனையையும் 115 சுருளின் ஒரு முனையையும் ஒரு துண்டுக் கம்பியால் சேருங்கள். 230 சுருளுக்கு வேரியாக்கிலிருந்து (வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் கருவி) 100 வோல்ட் கொடுங்கள். சேர்க்காத இரண்டு முனைகளுக்கு நடுவே அளந்தால் 50 வந்தால், சேர்த்த இரண்டும் ஒரே வகை. இரண்டுக்கும் ‘தலை’ என்று டேப் ஒட்டுங்கள். 150 வந்தால் எதிர் வகை. மூன்றுக்கும் இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

அடுத்து 230 பக்கத்தை ஸ்டாராகக் கட்டுங்கள்: மூன்று வாலும் ஒன்றாக, தலைகள் மூன்று பேஸுக்கு. முடிச்சை இப்போதைக்கு சப்ளை நியூட்ரலோடு இணைத்து வையுங்கள். ஏன் என்பது அடுத்த பத்தியில் தெரியும்.

115 பக்கம் டெல்டா. வாலுக்குத் தலை, வாலுக்குத் தலை என்று இரண்டு இணைப்பு போட்டு, கடைசி இடைவெளியை மூடாமல் அங்கே மீட்டரை வையுங்கள். சப்ளை கொடுத்ததும் பூஜ்யத்துக்குப் பக்கத்தில், ஓரிரு வோல்ட் காட்டினால் இணைப்பு சரி. 230 வோல்ட் காட்டினால் ஏதோ ஒரு சுருள் தலைகீழ். முடிச்சை நியூட்ரலில் இணைக்காமல் விட்டிருந்தால், இணைப்பு சரியாக இருந்தும் மீட்டர் பல பத்து வோல்ட் காட்டிக் குழப்பும். அது மேலே சொன்ன மூன்றாம் ஹார்மோனிக். மூன்று சுருளிலும் ஒரே திசையில் இருப்பதால் இடைவெளியில் மூன்றும் கூடிவிடுகிறது.

230 காட்டும்போது கவனிக்காமல் மூடினால் என்ன ஆகும்? சுருளின் முழு கரண்ட் 8.7 ஆம்பியர். இம்பீடன்ஸ் (கரண்ட்டுக்குச் சுருள் காட்டும் தடை) 5 சதவீதம் என்றால் ஒவ்வொன்றும் சுமார் 0.66 ஓம், மூன்றும் சேர்ந்து 2 ஓம். 230 ஐ 2 ஆல் வகுத்தால் 115 ஆம்பியர், அதாவது முழு கரண்ட்டைப்போல் பதின்மூன்று மடங்கு, லோடே இல்லாமல். டெல்டாவில் தப்பு நடந்தால் அது வெளியே எதையும் இணைக்கும்வரை காத்திருக்காது. சந்தேகம் இருந்தால் கடைசி இடைவெளியை முதலில் 1 ஆம்பியர் ஃபியூஸ் வைத்து மூடுங்கள். தப்பாக இருந்தால் ஃபியூஸோடு போகும்.

வளையம் மூடியதும் ஹார்மோனிக்குக்கு உள்ளேயே வழி கிடைத்துவிட்டது. இனி ஸ்டார் முடிச்சிலிருந்து சப்ளை நியூட்ரலைக் கழற்றிவிடுவதே நல்லது. விட்டுவைத்தால் சப்ளையின் மூன்று பேஸிலும் உள்ள சின்னச் சின்ன ஏற்றத்தாழ்வுகளைச் சரிக்கட்டுகிறேன் பேர்வழி என்று டெல்டாவுக்குள் கரண்ட் சுற்றும்.

115 பக்கத்தை டெல்டாவுக்குப் பதில் ஸ்டாராகக் கட்டி ஒரு சுருள் தலைகீழானால் அடையாளம் வேறு. மூன்று லைன் வோல்டேஜும் 199 வர வேண்டிய இடத்தில் ஒன்று மட்டும் 199, மற்ற இரண்டும் 115. அந்த இரண்டிலும் பொதுவாக வரும் பேஸ்தான் தலைகீழ். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் மட்டும் அளந்துவிட்டு, மூன்றிலும் 115 வருகிறது, எல்லாம் சரி என்று போனால் இது பிடிபடவே பிடிபடாது.

களத்தில் மணி பார்க்க

ரீவைண்டிங் முடிந்து வந்த 11 கேவி டிரான்ஸ்ஃபார்மர் நிஜமாகவே 11 மணிதானா, உள்ளே ஜம்பரை மாற்றிப் போட்டு 1 ஆக்கிவிட்டார்களா? சார்ஜ் செய்வதற்கு முன் 415 வோல்ட் சப்ளையை வைத்தே கண்டுபிடிக்கலாம். எச்டி, எல்டி இரண்டு பக்கமும் லைனிலிருந்து முழுக்கக் கழற்றி எர்த் செய்து, பிறகு டெஸ்ட்டுக்காக எர்த்தை எடுக்க வேண்டும். 1யு புஷ்ஷிங்கையும் 2யு புஷ்ஷிங்கையும் (முன்னால் 1 என்றால் எச்டி, 2 என்றால் எல்டி) ஒரு கம்பியால் சேருங்கள். மூன்று பேஸ் 415 ஐ எச்டி பக்கத்தில் கொடுங்கள். எச்டியில் மட்டும்தான். தெரியாமல் அதை எல்டியில் கொடுத்தால் மேலே 11,000 வோல்ட்டுக்குப் பக்கத்தில் எழும்பி நிற்கும், ஆளைக் கொன்றுவிடும்.

எச்டியில் 415 கொடுத்தால் எல்டி பேஸுக்கும் நியூட்ரலுக்கும் 415 ÷ 44 = 9.4 வோல்ட், பேஸுக்குப் பேஸ் 16.3 வோல்ட் வர வேண்டும். இது மூன்றிலும் ஒன்றாக இருந்தால் சுற்று விகிதம் சரி. அடுத்து குறுக்கே அளங்கள். 11 ஆக இருந்தால் 1வி-2டபிள்யூ, 1டபிள்யூ-2டபிள்யூ, 1வி-2வி மூன்றும் சுமார் 401 வோல்ட், 1டபிள்யூ-2வி மட்டும் 415. 1 ஆக இருந்தால் அந்த 415 இடம் மாறி 1வி-2டபிள்யூவில் வரும்.

வித்தியாசம் வெறும் 14 வோல்ட்தான். அளக்கும்போது சப்ளை ஆடினால் ஏமாந்துவிடுவீர்கள். ஒவ்வொரு அளவுக்கும் முன்னும் பின்னும் சப்ளையின் லைன் வோல்டேஜையும் குறித்துக்கொள்ளுங்கள். பேஸ் வரிசையையும் சீக்வென்ஸ் மீட்டரில் பார்த்துவிட வேண்டும். சப்ளையில் வரிசை புரண்டிருந்தால் 11 ஆனது 1 போலவே நடந்துகொள்ளும், ஆனால் இந்த வோல்ட் அளவுகள் மாறாது.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்றால், ஒற்றை டிரான்ஸ்ஃபார்மராக ஓடும் இடத்தில் 11 ஆனாலும் 1 ஆனாலும் பல்பு ஒரே மாதிரிதான் எரியும். இரண்டை இணையாக ஓட்டும்போதுதான் வினை. 11 ஐயும், ஸ்டார்-ஸ்டாரான 0 ஐயும் எல்டியில் சேர்த்தால் ஒரே பெயருள்ள பேஸ்களுக்கு நடுவே 30 டிகிரி வித்தியாசம், 129 வோல்ட் நிற்கும். இரண்டும் 4.5 சதவீத இம்பீடன்ஸ் என்றால், லோடு போடாமலே முழு கரண்ட்டைப்போல் ஆறு மடங்குக்குப் பக்கத்தில் இரண்டுக்கும் நடுவே சுற்றும். 11 ஐயும் 1 ஐயும் சேர்த்தால் வித்தியாசம் 60 டிகிரி, 250 வோல்ட், பதினோரு மடங்கு. அதனால் இரண்டாவதன் எல்டி பிரேக்கரைப் போடுமுன், நியூட்ரல்கள் இரண்டையும் சேர்த்துவிட்டு, பிரேக்கரின் மேல், கீழ் முனைகளுக்கு நடுவே மூன்று பேஸிலும் மீட்டர் வைத்துப் பூஜ்யம் பார்ப்பது கட்டாயம்.

11 உம் 1 உம் கையில் இருந்து இரண்டையும் இணைத்தே ஆக வேண்டுமென்றால் ஒரு வழி உண்டு. இரண்டாவதில் எச்டி பக்கம் இரண்டு பேஸையும், எல்டி பக்கம் அதே பெயருள்ள இரண்டு பேஸையும் மாற்றிப் போட்டால் 1 ஆனது 11 ஆகிவிடும். 0 வை மட்டும் இப்படி எந்த மாற்றத்தாலும் 11 ஆக்க முடியாது.

ஃபியூஸ் எந்தப் பக்கம் போயிற்று?

கம்பத்தின் கீழே நின்று, டெல்டாவை நன்றாகப் புரிந்துகொண்டதற்குப் பலன் பார்ப்பது இங்கேதான். எல்டி ஃபியூஸ் ஒன்று போனால் அந்த பேஸ் வீடுகள் இருட்டு, மற்ற இரண்டு பேஸும் சுகமாக இருக்கும். எல்டி நியூட்ரல் அறுந்தால் சில வீடுகளில் டிம், சில வீடுகளில் டிவி புகையும். ஒரு பேஸில் 1,000 வாட், இன்னொரு பேஸில் 100 வாட் மட்டும் ஓடினால், நியூட்ரல் இல்லாத நிலையில் இரண்டும் 415 க்குக் குறுக்கே வரிசையாக நிற்கும். 100 வாட் சாமான் தலையில் 377 வோல்ட்.

எச்ஜி ஃபியூஸ் ஒன்று, அதாவது 11 கேவி பக்கத்தில், போனால் எந்த பேஸும் முழு இருட்டாகாது. ஒரு பேஸ் முழு 250 வோல்ட், மற்ற இரண்டும் ஏறத்தாழ 125. ‘ஒரு பேஸ் நல்லா இருக்கு, ரெண்டு பேஸ் டிம்’ என்று போன் வந்தால் லைன்மேன் ஏணியைத் தூக்கும் முன்பே மேலே பார்ப்பது இதனால்தான். மீதியுள்ள இரண்டு லைனுக்கு நடுவே ஒரு டெல்டா சுருள் முழு வோல்டேஜில் இருக்கிறது. மற்ற இரண்டு சுருளும் வரிசையாக அதே இரண்டு லைனுக்குக் குறுக்கே நின்று ஆளுக்குப் பாதியைப் பங்கு போடுகின்றன. அந்த இரண்டில் லோடு அதிகமுள்ளது பாதிக்கும் கீழே போகும். சில எல்இடி பல்புகள் 125 லும் வெளிச்சம் குறையாமல் எரிவதால் இப்போதெல்லாம் பல்பை நம்ப முடியாது. ஃபேனும் பிரிட்ஜும்தான் காட்டிக்கொடுக்கும்.

உறுதி செய்ய எல்டியில் பேஸுக்குப் பேஸ் அளங்கள். டிம்மான இரண்டு பேஸுக்கும் நடுவே பூஜ்யம், நல்ல பேஸிலிருந்து டிம்மான ஒவ்வொன்றுக்கும் 375 வோல்ட் பக்கம் வரும். மூன்று பேஸ் பம்பை அப்போது போட்டால் சுற்றாமல் உறுமும். சிங்கிள் பேஸிங் ரிலே (ஒரு பேஸ் போனால் மோட்டாரை நிறுத்தும் கருவி) இல்லையென்றால் சுருள் கருகிவிடும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பெரிய மோட்டார் இருந்தால் அதுவே கொஞ்சம் வோல்டேஜைத் திருப்பிக் கொடுத்து இந்த அளவுகளைக் குழப்பும். அதை நிறுத்திவிட்டு அளக்க வேண்டும்.

எந்த ஃபியூஸ் என்பதையும் கீழிருந்தே சொல்லிவிடலாம். 11 வகையில் யு காலின் எச்டி சுருள் 1யு-1வி நடுவே, வி காலினது 1வி-1டபிள்யூ நடுவே, டபிள்யூ காலினது 1டபிள்யூ-1யு நடுவே. எனவே 2யு மட்டும் நன்றாக இருந்தால் போனது 1டபிள்யூ. 2வி நன்றாக இருந்தால் 1யு. 2டபிள்யூ நன்றாக இருந்தால் 1வி. 11 கேவி லைனைப் பிரிக்கும் ஏபி ஸ்விட்சைத் திறந்து, இரண்டு பக்கமும் எர்த் ராடு போட்ட பிறகே மேலே ஏற வேண்டும். எர்த் எல்டி பக்கமும் வேண்டும், ஏனென்றால் ஏதோ ஒரு வீட்டில் மாற்று ஸ்விட்ச் இல்லாமல் போட்ட ஜெனரேட்டர், 230 வோல்ட்டை எல்டி வழியாகத் திருப்பி அனுப்பினால், அதே 44 மடங்கு கணக்கில் மேலே அது பத்தாயிரம் வோல்ட்.